மனபாரம் இல்லாமல் வாழ: கடன், பகை, உயில் மூன்றையும் முடித்து வைக்கும் முறை

ஜெபிக்கிறோம், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறோம், திருவிருந்து எடுக்கிறோம். ஆனாலும் ராத்திரி படுத்தால் திருப்பித் தராத பணமோ, பேச்சை நிறுத்திக்கொண்ட தம்பியோ, எழுதாமல் தள்ளிப்போட்ட உயிலோ மனதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, சரி. மனிதரோடு உள்ள கணக்கை மனிதரிடம் போய்த்தான் தீர்க்க வேண்டும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:23-24. அந்த வரிசை மாறினால் எத்தனை உபவாச ஜெபம் வைத்தாலும் பாரம் இறங்காது என்பது என் அனுபவம்.

அப்பா இறந்தபின் அவருடைய கடன் நோட்டையும், எழுதப்படாத உயில் விட்டுப்போன சிக்கலையும் வைத்துக்கொண்டு வீடு வீடாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் அலைந்த குடும்பம் எங்களுடையது. போதகர் ஒரு பாதி சொன்னார், வக்கீல் ஒரு பாதி சொன்னார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். சட்ட விஷயங்கள் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களை வைத்துச் சொல்லப்பட்டவை.

1. முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள்

சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். பணமும் பொருளும், மனஸ்தாபம், காகிதம் என்று மூன்றாகப் பிரியுங்கள். பெயர், தொகை, எந்த வருடம், யாருக்குத் தெரியும், ஆதாரம் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள்.

அப்பாவின் நோட்டில் "பால்காரம்மா 3,000" என்று இருந்தது. வருடம் இல்லை. "பெரிய மைனி, வளையல் 1 ஜோடி" என்று இருந்தது. எத்தனை கிராம் என்று இல்லை. முடிந்த கணக்குகளைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். ஆனால் நாலைந்து பெயர்களைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். அது கொடுத்து முடித்ததா, கொடுக்க வேண்டியதா என்று இன்றுவரை முழுதாகத் தெரியாது. உங்கள் பிள்ளைகளை அந்த வட்டத்துக்குள் நிறுத்தாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. "நான் நல்ல மகனாக இல்லை", "வாலிபத்தை வீணடித்தேன்" போன்றவற்றை இந்த நோட்டில் எழுதாதீர்கள். எதிரே ஒரு ஆள் இருக்கிற கணக்கு மட்டும் இதில் வரட்டும். தேவனுக்கேற்ற துக்கம் வேறு, லௌகிக துக்கம் வேறு என்று 2 கொரிந்தியர் 7:10 பிரித்துச் சொல்கிறது. முதலாவது ஒரு செயலில் போய் முடியும். இரண்டாவது சும்மா அரித்துக்கொண்டே இருக்கும். அதற்கான இடம் அடுத்த படி.

2. ஒருவரிடம் மட்டும் மனம் திறங்கள்

கத்தோலிக்கர் என்றால் வழி தெளிவு. பங்குத்தந்தையிடம் ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) பெறலாம். அங்கே சொன்னதை அவர் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். தவக்காலக் கடைசி வாரத்தில் வரிசை நீளமாக இருக்கும். பெரிய விஷயம் மனதில் இருந்தால் சாதாரண வாரநாளில் நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பொதுவாக அந்த முறை வழக்கத்தில் இல்லை. போதகரையோ, வயதும் நிதானமும் உள்ள ஒரு விசுவாசியையோ தேர்ந்தெடுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். வாரநாளில் வீட்டில் போய்ப் பாருங்கள். இதற்குக் காணிக்கை, கட்டணம் எதுவும் இல்லை. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பலர் விழுகிற குழி, சாட்சி சொல்வது. பாதிக்கப்பட்டவரிடம் போகும் முன்பே சபை நடுவில் மைக் பிடித்து "ஆண்டவர் என்னை இந்தப் பாவத்திலிருந்து விடுவித்தார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்தவர் பெயரும் கதையும் அன்று சாயங்காலமே ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. முதலில் அவரிடம் போங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் சாட்சி.

இன்னொன்று. மனைவிக்கோ கணவருக்கோ தெரியாத பழைய விஷயத்தைக் கொட்டிவிட்டால் எனக்கு நிம்மதி என்று அவசரப்படாதீர்கள். உங்கள் பாரத்தை அவர் தலையில் மாற்றி வைப்பதாக அது ஆகிவிடலாம். போதகரோடு, முடிந்தால் குடும்ப ஆலோசகரோடும் பேசிவிட்டு முடிவெடுங்கள். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் ரகசியம், ஜெபம் என்று மூடக்கூடாது. போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள்.

3. பணத்தையும் பொருளையும் திருப்பிக் கொடுப்பது

எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வியில்தான் நிறையப் பேர் தேங்கி நிற்கிறார்கள். இயேசுவைச் சந்தித்த வரிவசூலிப்பவன் சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது, அதாவது 10,000 என்றால் 12,000. இவை ஏமாற்றி எடுத்ததற்குச் சொன்னவை. கைமாற்றாக வாங்கித் தாமதமானதற்கு நான் பின்பற்றிய முறை, வங்கி வட்டி அளவுக்குக் கூட்டுவது. 20 வருடம் முன்பு வாங்கிய 5,000க்கு ஆண்டுக்கு 6 சதவீதம் தனிவட்டி போட்டால் 6,000 சேர்ந்து 11,000 ஆகும். நகை என்றால் அன்றைய விலையைக் கொடுத்துக் கணக்கு முடிக்காதீர்கள். எடைக்கு எடை தங்கமாகக் கொடுங்கள். எடை தெரியாவிட்டால் அவர்கள் சொல்லும் எடையை ஏற்றுக்கொள்ளுங்கள். பெரிய மைனி வளையலைக் கையில் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதைவிடக் கொஞ்சம் மெலிசா இருந்துச்சு" என்றார்கள். அதிகமாகப் போனதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஒரே நாளில் முடியாவிட்டால் தவணை கேளுங்கள். ஆனால் எழுதிக் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். புரோநோட்டு எழுதி 3 வருடம் தாண்டினால் பொதுவாகக் கோர்ட்டில் வசூலிக்க முடியாது. அதனால் "அது செத்த நோட்டு, விடு" என்று உறவில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். கோர்ட்டுக்கு அது சரி. ஒருவனுக்கும் ஒன்றிலும் கடன்படாதிருங்கள் என்ற ரோமர் 13:8க்குக் காலாவதித் தேதி இல்லை. அதே சமயம், காலாவதியான கடனைத் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் அது மறுபடி சட்டப்படி செல்லும் வாக்குறுதியாகிறது. ஆகவே உங்களால் கட்ட முடிந்த தொகையையும் தேதியையும் மட்டும் எழுதுங்கள். உணர்ச்சிவசப்பட்டு "எல்லாம் தருகிறேன்" என்று எழுதிவிட்டு மறுபடி வாக்குத் தவறினால் முதல் காயத்தைவிட இது ஆழமாகப் போகும்.

கொடுக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை:

- 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனை ரொக்கமாகத் திருப்பக்கூடாது. வருமானவரிச் சட்டம் தடுக்கிறது, அதே தொகை அபராதமாக வரலாம். வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள்.
- 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரசீது வாங்குங்கள். "விசுவாசிகளுக்குள் ரசீது எதற்கு" என்பார்கள். ரசீது உங்கள் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும்.
- புரோநோட்டின் அசல், ஜாமீனாகக் கொடுத்த வெற்றுக் காசோலை, அடகுப் பத்திரம் எல்லாவற்றையும் அன்றைக்கே கையில் வாங்குங்கள். நாளைக்குத் தேடித் தருகிறேன் என்றால், அதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.
- வங்கிக் கடன் என்றால் முழுதாகக் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாமதம் வங்கியின் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. அப்புறம் வில்லங்கச் சான்று எடுத்து, அடமானப் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கொடுக்க வேண்டியவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளுக்குக் கொடுங்கள். ஒரு மகனிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எல்லா வாரிசுக்கும் தெரியும்படி கொடுங்கள், இல்லையென்றால் அந்த வீட்டில் புதிதாக ஒரு சண்டையை மூட்டிவிட்டு வருவீர்கள். வாங்க உறவே இல்லை என்றால் அது கர்த்தருக்குரியது என்கிறது எண்ணாகமம் 5:8. அந்தச் சூழ்நிலையில் மட்டும்தான் காணிக்கை. கடன் கொடுத்து உயிரோடு இருக்கிறவருக்குச் சேர வேண்டியதை "விதைக் காணிக்கை" என்று ஊழியத்துக்கு அனுப்புவது பெரிய தவறு. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கண்டித்தது இதற்காகத்தான்.

அரசாங்கத்துக்கு உள்ள கணக்கும் கணக்குதான். மறைத்த வருமானம் உறுத்தினால், புதுப்பித்த வருமானவரி அறிக்கை (updated return) தாக்கல் செய்ய இப்போது மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை அவகாசம் உண்டு. வரியும் வட்டியும் போக, முதல் 12 மாதத்துக்குள் என்றால் 25 சதவீதம் கூடுதல், பிறகு 50, 60, 70 என்று ஏறும். ஆடிட்டரிடம் போங்கள். டிக்கெட் எடுக்காமல் ரயிலில் போன பழைய பயணங்களுக்கு அதே தூரத்துக்கு டிக்கெட் எடுத்துக் கிழித்துப் போடுகிற விசுவாசிகளை எனக்குத் தெரியும். சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர்கள் முகத்தில் அன்று தெரிகிற லேசு சின்னதல்ல.

இறந்துபோன அப்பா அம்மாவின் கடன் என்றால், அவர்கள் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே சட்டப்படி நீங்கள் பொறுப்பு. அடக்கச் செலவு முதலில், அப்புறம் கடன்கள், மிச்சம் இருந்தால்தான் பங்கு. இந்த வரிசையைச் சட்டமே சொல்கிறது. பங்கு பிரிக்க உட்காரும்போது கடன் நோட்டை முதலில் மேசையில் வையுங்கள்.

4. பேச்சு நின்ற வீட்டுக்குப் போவது

கிறிஸ்துமஸ், கல்யாணம், துக்கவீடு மூன்றிலும் வேண்டாம். கூட்டத்தில் சமாதானமானதுபோல் இருக்கும், பந்தி முடிந்ததும் பழைய கதைதான். லெந்து என்கிற தவக்கால நாட்களில் ஒரு சாயங்காலம் நல்லது. அந்த நாற்பது நாளும் எதற்கு என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

தனியாகப் போங்கள். போகும் முன் ஒரு போன். "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் வீட்டுக்கு வரலாமா?" போதும். வீட்டில் உட்கார்ந்ததும் நீங்கள் செய்ததை மட்டும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "அன்னைக்கு அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ உங்களைப் பாக்க விடாம கதவை அடைச்சேன். அது தப்பு." அங்கேயே நிறுத்துங்கள். "ஆனா நீங்களும்..." என்று ஆரம்பித்தால் வந்த வேலை கெட்டது. "ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க" என்பதும் மன்னிப்பு இல்லை, எதிராளிக்கு அது உடனே தெரிந்துவிடும். பையில் பைபிளை வைத்துக்கொள்ளலாம், எடுத்து வசனம் வாசிக்க வேண்டாம். அவர்கள் கேட்டால் ஜெபியுங்கள்.

அவர்கள் திட்டலாம், எழுந்து உள்ளே போகலாம். உங்களால் ஆனமட்டும் சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமர் 12:18 கேட்கிறது. எதிராளியின் பாதி உங்கள் கையில் இல்லை. திரும்பி வந்தபின் கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள், கொஞ்ச மாதம் விடுங்கள். நோட்டில் "சென்றேன், சொன்னேன்" என்று தேதி போட்டு வையுங்கள்.

இதை அழுத்திச் சொல்கிறேன்: அடித்தவர், குடித்துவிட்டுக் கொடுமை செய்தவர், பாலியல் தொல்லை கொடுத்தவர் வீட்டுக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. மன்னிப்பது வேறு, மறுபடி அவர் கைக்குள் போய் நிற்பது வேறு. "கிறிஸ்தவள்தானே, பொறுத்துப் போ" என்று யாராவது அனுப்பி வைத்தால் போகாதீர்கள். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. குற்ற உணர்வு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கும் அளவுக்குப் போனால், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. மருந்து எடுத்துக்கொள்வது விசுவாசக் குறைவு அல்ல.

5. உயில் எழுதுவது

வியாதியில் சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு வந்த வார்த்தை, வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்து என்பது. அவருக்குப் பதினைந்து வருடம் கூடக் கிடைத்தது. எங்கள் வீட்டில் அப்படிக் கிடைக்கவில்லை.

இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கோ கணவருக்கோ மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் மகள் வித்தியாசம் இல்லை. பலருக்குத் தெரியாத விஷயம், பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவருடைய வயதான அம்மா அப்பாவுக்கு ஒன்றுமே கிடையாது என்பது. தாயைக் கனம்பண்ண வேண்டும் என்று நினைக்கிறவர் உயில் எழுதத்தான் வேண்டும். பிறப்பாலேயே மகனுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்ற பேச்சும் கிறிஸ்தவச் சட்டத்தில் இல்லை.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் கவனியுங்கள். இந்துப் பெற்றோரின் சொத்தில் உங்களுக்கு உள்ள உரிமை மதம் மாறியதால் போகாது. மாறிய பிறகு பிறந்த, இந்துக்களாக இல்லாத பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி சொத்தில் நேரடி வாரிசுரிமை இல்லை. தாத்தா உயிலில் எழுதி வைத்தால் தடையில்லை.

எழுதும் முறை எளிது. வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. கைப்படவும் எழுதலாம். யாருக்கு எது என்பதைச் சர்வே எண், கதவு எண், கணக்கு எண்ணோடு எழுதுங்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். உங்களுக்குப் பின் உயிலை நிறைவேற்றுபவர் ஒருவரைக் குறிப்பிடுங்கள். வயதானவர் என்றால் அன்றைய தேதியில் டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி இணைப்பது பின்னாளில் வரும் வாதத்தைக் குறைக்கும்.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் நான் பதிவு செய்யச் சொல்வேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நீங்களும் சாட்சிகளும் அடையாள அட்டையோடு போக வேண்டும். பத்திரம் எழுதுபவரின் கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். "உயிலுக்கு ஸ்டாம்ப் டூட்டி" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கிறிஸ்தவர்களுக்கென்று இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன, இந்து நண்பரின் உயிலைப் பார்த்து எழுதினால் இரண்டிலும் மாட்டுவீர்கள். ஒன்று, சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ உயிலில் எழுதிய பங்கு செல்லாது. மருமகனைச் சாட்சியாகப் போட்டால் மகளின் பங்கு போய்விடும். இரண்டு, உயில் எழுதியபின் கல்யாணம் செய்தால் பழைய உயில் ரத்தாகிவிடும். மறுமணம் செய்தவர்கள் புது உயில் எழுதியே ஆக வேண்டும்.

சபைக்கோ அநாதை இல்லத்துக்கோ எழுதி வைக்க நினைப்பவர்களை, "சாவதற்கு 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும்" என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். அந்தப் பிரிவை 2003இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. போதகர் பெயருக்கு எழுதாதீர்கள். சபைச் சொத்து எந்த டிரஸ்ட் பெயரில் இருக்கிறது என்று திருமண்டல அலுவலகத்தில் கேட்டு அந்தப் பெயரைப் போடுங்கள். தனிச் சபை என்றால் பதிவு செய்த டிரஸ்ட் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள்.

உயிலுக்குப் பதில் "செட்டில்மென்ட் எழுதிடுங்கப்பா, செலவு கம்மி" என்று பிள்ளைகள் கேட்டால் நிதானம் வேண்டும். செட்டில்மென்ட் எழுதிய அன்றே சொத்து கைமாறும், நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அது இருந்தால், பிள்ளைகள் கைவிடும்போது 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ரத்து கேட்க வழி உண்டு.

6. மிச்சக் காகிதங்கள்

வங்கி, தபால் அலுவலகம், இன்சூரன்ஸ், பி.எஃப். எல்லாவற்றிலும் நாமினி யார் என்று ஒரு தடவை பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட அண்ணன் பெயரே இன்னும் இருக்கும். வங்கிக் கணக்கில் இப்போது நான்கு பேர் வரை நாமினி போடலாம். வங்கி நாமினி பணத்தை வாங்குகிறவர் மட்டுமே, சொந்தக்காரர் உயிலிலோ சட்டத்திலோ உள்ளவர்தான். இரண்டிலும் பெயர் ஒத்துப்போனால் பிள்ளைகளுக்கு அலைச்சல் இல்லை.

சபை சந்தா பாக்கியைக் கட்டி ரசீது வையுங்கள். அடக்க நாளில் கல்லறைத் தோட்டத்து வாசலில் சந்தாக் கணக்குப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் கூனிக்குறுகி நிற்பார்கள். சென்னை போன்ற இடங்களில் கல்லறைக்கு இடநெருக்கடி கடுமை. குடும்பக் கல்லறை இருந்தால் அதன் ரசீதும் எண்ணும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ், ஆலயத் திருமணப் பதிவேட்டின் நகல் இரண்டையும் இப்போதே வாங்குங்கள். வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போது பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம் என்றாலும் திருப்பி அனுப்புவார்கள். ஆதாரில் "மேரி", பதிவேட்டில் "மரியம்மாள்" என்று இருந்தால் உயிரோடு இருக்கிறவர் ஒரு பிரமாணப் பத்திரத்தில் சரிசெய்துவிடலாம். இறந்தபின் அதற்கு எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் ஆனது.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள்: நோட்டு, ரசீதுகள், திரும்ப வாங்கிய புரோநோட்டுகள், உயிலின் நகல், நாமினி விவரம், கல்லறை ரசீது. உயிலின் அசலை வீட்டுப் பீரோவில் வைக்கலாம். வங்கி லாக்கரில் வைத்தால், லாக்கர் உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கக்கூடாது, திறக்கவே வாரிசுகள் அலைய வேண்டியிருக்கும். கோப்பு எங்கே இருக்கிறது என்று மனைவிக்கோ கணவருக்கோ சொல்லுங்கள், பிள்ளைகளில் ஒருவருக்கும் சொல்லுங்கள். வருடக் கடைசி ஆராதனைக்குப் போகும் முன் அதை ஒரு தடவை எடுத்துப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த கணக்கு இருந்தால் எழுதிவிடுங்கள்.